சதுப்பில் நின்ற அழுகண்ணிகள்

யூனியன்வில் என்ற ஊருக்கு வடக்கே, ஒரு தனியார் காணியின் பின்புறம், பாசி மூடிய சிறு சதுப்பு இருந்தது. பூச்சி பிடித்துத் தின்னும் அபூர்வச் செடிகள் பதின்மூன்று அங்கே நின்றன. அந்த வட்டாரத்தில் வேறெங்கும் அவை இல்லை. ஆண்டுதோறும் யூலையில் அவற்றை எண்ணி அறிக்கை எழுதுவது இயற்கைப் பாதுகாப்பு அலுவலகத்தில் மங்கையற்கரசியின் வேலை. இடத்தை வெளியாருக்குச் சொல்லக்கூடாது என்பது கட்டளை.

நகரின் வோபர்ன் பகுதியில் அவள் குடியிருந்த அடுக்குமாடியின் ஆறாம் மாடியில் கிளிபோட்டும் மனைவி வேரோனிக்காவும் இருந்தார்கள். வேரோனிக்காவுக்குக் கணையத்தில் புற்றுநோய். யூன் மாதம் சூப் கொண்டுபோன மங்கையற்கரசி, நோயாளிக்குப் பொழுதுபோகட்டுமென்று போனில் செடியின் படத்தைக் காட்டினாள். சிவந்த இலைமயிர்களில் பசைத்துளிகள். ஒன்றில் ஒரு கொசு.

"உதுக்குத் தமிழிலை என்ன பேர்?" என்று கிளிபோட் கேட்டார்.

"அழுகண்ணியின்ரை இனம், அண்ணை. ஊரிலை சித்த மருந்துக்கும் எடுக்கிறவை."

எங்கே நிற்கிறது என்றும் கேட்டார். சொல்லிவிட்டாள்.

யூலையில் அவள் போனபோது பாசியில் பதின்மூன்று குழிகள் இருந்தன. எல்லாவற்றிலும் தண்ணீர் ஊறியிருந்தது. நேரே ஆறாம் மாடிக்குப் போய்க் கதவைத் தட்டி, செடிகளைப் பிடுங்கியது அவரா என்று கேட்டாள்.

"ஓம், நான்தான்," என்றார் கிளிபோட். "இனி ஒண்டும் செய்யேலாது எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார், தங்கச்சி. அவிச்சுக் குடுத்தனான்."

"ஒண்டையாவது விட்டிருக்கலாமே, அண்ணை?"

"எல்லாம் சேர்த்தும் அரைக் கோப்பைதான் வந்தது."

உள்ளே வேரோனிக்கா ஓங்காளிக்கும் சத்தம் கேட்டது. மங்கையற்கரசி ஓடிப்போய் அவர் தலையைத் தாங்கிப் பேசினைப் பிடித்தாள்.

"சரியான கசப்பு, பிள்ளை. என்ன அது?"

"ஏதோ மூலிகை, அக்கா."

அறிக்கையில் எண்ணிக்கை பூச்சியம், காரணம் தெரியவில்லை என்று எழுதினாள். கிளிபோட்டைக் காட்டிக்கொடுத்தால் தன் வேலையும் போகும் என்று அவளுக்குத் தெரியும். அவருக்காகத்தான் எழுதினோமென்று சில நாள் தன்னையே நம்பவைக்கப் பார்த்தாள். முடியவில்லை.

ஓகஸ்ட் முடியுமுன் வேரோனிக்கா இறந்தார்.

அடுத்த இரண்டு யூலையிலும் சதுப்பில் முழந்தாளிட்டுத் தேடினாள். ஒரு முளைகூட இல்லை. மூன்றாம் ஆண்டு, அந்தச் செடி இவ்வட்டாரத்தில் அழிந்துவிட்டது என்ற தாளில் மேலதிகாரி கையெழுத்துக் கேட்டார். போட்டாள்.

அன்று பின்னேரம் லிப்டில் கிளிபோட் நின்றார். நன்றாக மெலிந்திருந்தார்.

"திரும்ப முளைச்சுதோ?"

"இல்லை, அண்ணை."

அவர் தலையை ஆட்டினார். ஆறாம் மாடியில் கதவு திறந்தது. இறங்கிப் போனார்.