எழும்பாத வகுப்பு

லண்டனில் இருக்கும் புருசனிடம் ஜெசிதா போய்ச் சேராமல் மறித்து நின்றது கடலுமில்லை, காசுமில்லை. நேற்று என்ன செய்தாய் என்ற ஒரு கேள்விதான். கொழும்பில் நடந்த ஆங்கிலப் பேச்சுச் சோதனையில் ஒரு பெண் சிரித்த முகத்தோடு அதைக் கேட்டாள். நேற்று வைத்த மீன்குழம்பை நாளைக்கு வைப்பதாகச் சொன்னாள் ஜெசிதா, பிறகு இன்றைக்கு என்றாள், பிறகு அழுதாள். விசா கிடைக்கவில்லை. கலியாணம் எழுதி அடுத்த நத்தார்ப் பண்டிகையும் வரப்போகிறது. இந்த முறையும் கோட்டை விட்டால் மாப்பிள்ளை ஜெயசுதனின் தாய் வேறு கதை கதைக்கத் தொடங்கிவிடுவாள் என்பது ஊருக்கே தெரியும்.

அடுத்த சோதனைக்கு உடுவிலில் பியாட்றிஸ் மாமி வீட்டில் தங்கித்தான் படித்தாள். அங்கே தொலைக்காட்சி ஒரு பக்கம், கோழிகள் ஒரு பக்கம், இரண்டுக்கும் மேலாக மாமி. அதனால் மத்தியானம் சாப்பிட்டு மாமி கண்ணயர்ந்ததும் பின்வளவில் கிடந்த பழைய ரியூசன் கொட்டிலுக்குப் போய்விடுவாள். பாதிக் கூரை இல்லை. பிள்ளைகள் உட்கார்ந்த மர வாங்குகளை யாரோ எப்போதோ அடுப்பெரிக்கக் கொண்டுபோய்விட்டார்கள். கறுப்புப் பூசிய சுவர்ப்பலகை மட்டும் மிச்சம். அதற்கு முன்னால் நின்று, வாத்தியார் மாதிரிக் கையை ஆட்டி, வினைச்சொற்களை மூன்று காலத்திலும் சொல்லிப் பார்ப்பாள்.

"ஐ குக். ஐ குக்கெட். ஐ வில் குக்."

ஒருநாள் உச்சி வெயில். காகம்கூடக் கத்தவில்லை. "ஐ வோக்" என்று சொல்லி அவள் மூச்சு எடுப்பதற்குள் வெறும் கொட்டிலுக்குள்ளிருந்து பதில் வந்தது.

"ஐ வோக்ட். ஐ வில் வோக்."

சின்னப் பிள்ளைகளின் குரல்கள். ஒரு வகுப்பே சேர்ந்து இழுத்துச் சொல்லும் அந்தப் பள்ளிக்கூட ராகம். ஜெசிதா விழுந்தடித்துக்கொண்டு ஓடினாள். ஒற்றைச் செருப்பு கொட்டிலிலேயே கிடந்தது.

ஆனால் பாருங்கள், விசா என்பது பேயைவிடப் பொல்லாதது. கிணற்றடிக்கு வந்து நின்றபோது அவளுக்கு உறைத்தது: வோக்கெட் இல்லை, வோக்ட். அந்தப் பிள்ளைகள் சொன்னதுதான் சரி. அடுத்த நாள் வேதப்புத்தகத்தை நெஞ்சோடு அணைத்தபடி திரும்பிப் போனாள். அவள் முதற்சொல்லைச் சொன்னாள். மிச்சத்தை அவர்கள் சொன்னார்கள். வொஷ், பிளே, ஓப்பின், எது சொன்னாலும் பதில் வந்தது. அவளுடைய நாக்கும் மெல்ல மெல்லத் திருந்தியது.

ஒரு சொல்லுக்கு மட்டும் பதில் வரவில்லை. காத்திருக்கிறேன் என்பதற்கு "ஐ வெயிற்" என்று அவள் சொன்னபோது, கொட்டில் முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டது போல இருந்தது. பிறகு அந்தச் சொல்லை அவள் எடுக்கவேயில்லை.

பின்னேரம் தேத்தண்ணி குடிக்கும்போது மெதுவாகக் கேட்டாள். "உந்தக் கொட்டில்லை முந்தி ஆர் மாமி படிப்பிச்சது?"

"செபநாயகம் மாஸ்ரர். இங்கிலீசிலை விண்ணன். பிள்ளையள் அவற்றை சொல்லை மீறாதுகள். ஒருநாள் பொம்மர் பிளேன் சுத்துற சத்தம் கேட்டு, 'ஒருத்தரும் எழும்பக்கூடாது, நான் பாத்துக்கொண்டு வாறன்' எண்டு வெளியிலை வந்தவர். முதல் குண்டு அவருக்குத்தான்." மாமி கோப்பையைக் கீழே வைத்தாள். "ஒளியிற பங்கர் உந்தா, பக்கத்திலைதான் இருந்தது பிள்ளை. ஒண்டும் எழும்பேல்லை. மாஸ்ரர் வாறன் எண்டவரெல்லோ. மற்றக் குண்டு கொட்டிலுக்கு."

ஜெசிதாவுக்குப் பயம் போய், அந்தப் பிள்ளைகள்மேல் இரக்கம் வந்தது.

சோதனையில் பாஸானாள். விசாவும் வந்தது. யாருடைய புண்ணியத்தில் என்று அவளுக்குத் தெரியும். போகுமுன் அதுகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டுத்தான் போவது என்று தீர்மானித்தாள்.

பயண நாளில் வான் வண்டி வாசலில் நின்று ஹோர்ன் அடிக்க, அவள் புதுச் சப்பாத்தோடு பின்வளவுக்கு ஓடினாள். சுவர்ப்பலகைக்கு முன்னால் நின்றாள்.

"பாடம் முடிஞ்சுது பிள்ளையள். எழும்புங்கோ. வீட்டை போங்கோ."

இல்லாத வாங்குகள் நிலத்தில் உரசின. ஒன்று, பிறகு இன்னொன்று, பிறகு எல்லாமே. சின்னக் கால்கள் நிலத்தைத் தேடுகிற சத்தம் கேட்டது. அதற்குள் மாமி கொட்டில் வாசலுக்கே வந்துவிட்டாள்.

"கெதியா வா பிள்ளை, பிளேன் உனக்காக நிக்குமே?"

ஜெசிதா கண்ணைத் துடைத்தாள். வாசலில் திரும்பி நின்று, வாய்ப் பழக்கத்தில் சொன்னாள்: "அப்ப நான் போயிட்டு வாறன், என்ன?"

உரசல் நின்றது.

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு விளங்கியது. மாஸ்ரர் சொல்லிவிட்டுப் போன, வாறன் என்ற அதே சொல். போறன், வரமாட்டன் என்று திருத்திச் சொன்னால் போதும், பிள்ளைகள் போய்விடும். ஆனால் பயணம் வெளிக்கிடுகிற நேரத்தில் போறன் என்று சொன்னவர் திரும்பி வருவதில்லை என்பது வேதக்காரருக்கும் சைவருக்கும் பொதுவான பயம். கடைக்குப் போகும்போதுகூட யாரும் அதைச் சொல்லமாட்டார்கள். மாமி கையைப் பிடித்து இழுத்தாள். ஜெசிதா வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள்.

உள்ளே ஒவ்வொருவராக மறுபடி உட்காரும் சத்தம் கேட்டது. அவள் வேலியடிக்கு வந்தபோது, இத்தனை நாளும் பதில் சொல்லாத அந்தச் சொல்லை அவர்கள் சொன்னார்கள். எல்லோரும் ஒரே குரலில், பிழையில்லாமல்.

"வீ வெயிற். வீ வெயிற்றெட். வீ வில் வெயிற்."