ஜெபித்துப் பார்க்கிறேன்

விமானம் விழுந்து, இந்தக் கூடத்தில் இருக்கிற அத்தனை பேரும் ஆளில்லாத தீவில் மாட்டிக்கொண்டால், பசி தாங்காமல் முதலில் யாரைத் தின்பார்கள்? என்னைத்தான். சதை இருக்கிறது, காணோமே என்று தேட வீட்டில் ஆள் இல்லை, கேட்டால் மாட்டேன் என்று சொல்லவும் வராது. போதகரின் மனைவி கேண்டஸ் உடனே தின்ன மாட்டாள். யார் எந்தத் துண்டைச் சமைத்துக்கொண்டு வருவது என்று பெயர் எழுத ஒரு தாளைச் சுற்றுக்கு விடுவாள்.

இப்படி நினைத்தபடியே நோரீன் தலையாட்டிக்கொண்டிருந்தாள். கூட்டங்களில் அவள் எப்போதும் தலையாட்டுவாள். கழுத்துக்கு நல்லது. கேண்டஸ் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வாள்.

சபைப் பெண்கள் ஐக்கியத்தின் வசந்தகால விளையாட்டு மாலைக்கான திட்டக் கூட்டம் அது. போன வருடம் வரை திட்டம் போட ஒன்றும் இருந்ததில்லை. ஆளுக்கொரு கேக் சுட்டுக்கொண்டு வருவார்கள், வேதாகமத்தில் நாலு கேள்வி கேட்பார்கள், டாட்டி ஜெயிப்பாள், கலைந்து போவார்கள். இப்போது போதகர் புதியவர், மனைவி அவரைவிடப் புதியவள். டாலஸ் பக்கத்தில் ஒரு பெரிய சபையிலிருந்து வந்தவர்கள். அங்கே பெண்கள் ஐக்கியத்துக்கென்றே தனி மேடையும் வண்ண விளக்கும் புகை விடுகிற இயந்திரமும் இருந்ததாம். ஓக்லஹோமாவின் இந்த மூலையில் புகை வந்தால் தீயணைப்பு வண்டிதான் வரும்.

"தப்பிப் பிழைக்கிறது! அதான் இந்த வருஷம்," என்றாள் கேண்டஸ், கையை விரித்து. "நாம ஒரு தீவுல இருக்கோம். ரெண்டு அணி. ஒண்ணு ரூத், ஒண்ணு எஸ்தர். தலையில கட்டிக்க ஆளுக்கொரு துணி, சிவப்பு, நீலம். பந்தம், தேங்காய், எல்லாம் உண்டு."

"தேங்காய்க்கு எங்கடி போறது?" என்றாள் டாட்டி. எண்பதைத் தாண்டியவள், காதுக்கருவியை வேண்டும்போது போட்டு, வேண்டாதபோது அணைத்து, அந்தச் சபையில் ஐந்து போதகர்களைக் கடந்து வந்தவள். "இங்க கடையில கேக் மேல தூவுற பொட்டலத் தேங்காய்தான் கெடைக்கும்."

"அதுவும் தேங்காய்தானே, மிஸ் டாட்டி."

"அப்போ அதை வச்சே கப்பல் கட்டலாம்."

பந்தத்தில் நெருப்பு கூடாது, காப்பீட்டுக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்று யாரோ நினைவுபடுத்த, பேட்டரி மெழுகுவத்தி என்று முடிவாயிற்று. தார்ப்பாயின் மேல் அணி முழுவதும் நின்றுகொண்டு, கால் தரையில் படாமல் பாயைத் திருப்பிப் போட வேண்டும். சபையின் பாதி முழங்கால்கள் உலோகத்தாலானவை என்பதை கேண்டஸ் இன்னும் கவனிக்கவில்லை. அப்புறம் புழு வடிவ மிட்டாயைக் கை படாமல் தின்ன வேண்டும். அப்புறம் ஓட்டுப் போட்டு ஒருவரை வெளியேற்ற வேண்டும்.

இந்த இடத்தில் பெரிய தர்மசங்கடம் வந்தது. கிறிஸ்தவப் பெண்கள் ஒருவரையொருவர் ஓட்டுப் போட்டு வெளியேற்றலாமா? அதைத்தான் காலங்காலமாகச் செய்து வருகிறோம், தாளில் எழுதியதில்லை, அவ்வளவுதான் என்று நோரீன் நினைத்தாள், தலையை ஆட்டினாள். நெடுநேரம் பேசி, "வெளியேற்றுதல்" என்ற சொல்லை எடுத்துவிட்டு "அன்போடு விடுவித்தல்" என்று வைத்துக்கொண்டார்கள். அன்போடு விடுவிக்கப்பட்டவள் சமையலறைக்குப் போய்ப் பாத்திரம் கழுவ வேண்டும்.

"என்னை முதல்லயே விடுவிச்சிடுங்க," என்றாள் கோரா. நோரீனுக்கு எதிர் நாற்காலியில் மடியில் முட்டைத் தட்டோடு இருந்தாள். மஞ்சள் கருவை மசித்து நிரப்பிய பாதி முட்டைகள். அவளுடைய அம்மா ஹேஸல் செய்வதுபோலவே மேலே மிளகாய்ப்பொடி தூவியிருந்தாள். ஹேஸல் போய் இரண்டு வசந்தம் ஆகிறது. தட்டு ஒரு வாரம்கூடத் தவறியதில்லை.

"ஆரம்பிக்கும்போது அபாயச் சங்கை ஊத விட்டா எப்படி?" என்றாள் கேண்டஸ். "என் போன்ல இருக்கு. எல்லாரும் திடுக்குன்னு..."

காபி டிரம் மட்டும் கொதித்தது. சுழல்காற்று வரும்போது ஊதுகிற அந்தச் சங்கை இந்த ஊர்க்காரர்கள் காதால் கேட்பதில்லை, வயிற்றால் கேட்பார்கள்.

"ஊது கண்ணு," என்றாள் டாட்டி, சாந்தமாக. "அடுத்த நிமிஷம் இங்க ஒருத்தியும் இருக்க மாட்டா. உன் புழுவையெல்லாம் நீயே தின்னுக்கலாம்."

கேண்டஸ் தாளில் சங்கு என்பதை அடித்துவிட்டு மணி என்று எழுதினாள். கெட்டவள் அல்ல. சொன்னால் கேட்டுக்கொள்வாள். சொல்வதற்குத்தான் டாட்டியைத் தவிர ஆள் இல்லை.

பிறகு அவள் பேனாவைக் கீழே வைத்தாள். குரல் இறங்கியது. அந்தக் குரலுக்குப் பின்னால் என்ன வரும் என்று நோரீனுக்குத் தெரியும்.

"கர்த்தர் என் மனசுல ஒரு பாரத்தை வச்சிருக்காரு."

இதற்கு மேல் பேச்சில்லை. கேண்டஸின் யோசனை என்றால் மறுக்கலாம். கர்த்தர் வைத்த பாரத்தை யார் மறுப்பது? அந்தச் சபையில் சமையலறைக்குப் பச்சை வண்ணம் அடித்ததும் அப்படித்தான். பச்சை யாருக்கும் பிடிக்கவில்லை. கர்த்தருக்குப் பிடித்திருக்கிறது என்று பொறுத்துக்கொண்டார்கள்.

"கடைசில எல்லா விளக்கையும் அணைச்சிடறோம். ஒரே ஒரு மெழுகுவத்தி. சிஸ்டர் நோரீன் முன்னால வந்து சாட்சி சொல்றாங்க. விளையாட்டுல பிழைக்கிறது இல்ல, நிஜமா பிழைச்சவங்க நம்ம நடுவுல இருக்காங்களே! அந்தச் சுழல்காற்று, அந்தக் குளியல் தொட்டி, கர்த்தரோட கை வந்து மூடினது. ஹேஸல் ஜெபிச்சுக்கிட்டே போனாங்கன்னும் கேள்விப்பட்டேன். எனக்கு இப்பவே புல்லரிக்குது, பாருங்க."

கையை நீட்டிக் காட்டினாள். புல்லரித்துத்தான் இருந்தது.

நோரீன் கோராவைப் பார்க்கவில்லை. முட்டைத் தட்டைப் பார்த்தாள். அது அசையவில்லை.

"ஜெபிச்சுப் பாக்கிறேன்," என்றாள்.

கூடத்தில் எல்லாருக்கும் மூச்சு வந்தது. அந்த ஊரில் "ஜெபித்துப் பார்க்கிறேன்" என்றால் மாட்டேன் என்று அர்த்தம். ஞாயிறு பள்ளிக்குப் பாடம் எடுக்கிறாயா, ஜெபித்துப் பார்க்கிறேன். என் அண்ணன் மகனைக் கல்யாணம் செய்துகொள்கிறாயா, ஜெபித்துப் பார்க்கிறேன். யார் முகமும் கோணாமல், கர்த்தரையும் கொஞ்சம் துணைக்கு இழுத்துக்கொண்டு மறுக்கிற வழி. அதற்குப் பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. பிறந்ததிலிருந்து அங்கேயே இருப்பவர்களுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

கேண்டஸ் டாலஸ்காரி. "அல்லேலூயா!" என்றாள், கண் கலங்க.

ஞாயிற்றுக்கிழமை அறிவிப்புத் தாளில் கட்டம் கட்டி அச்சாகியிருந்தது: சகோதரி நோரீனின் அற்புத சாட்சி. பக்கத்தில் ஒரு பனைமரம்.

தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு நோரீன் பிரசங்கம் முழுவதும் மனசுக்குள் அந்தக் குளியல் தொட்டியில் உட்கார்ந்திருந்தாள்.

சபை சொல்கிற கதை அவளுக்கு மனப்பாடம். தொட்டி, மேலே மெத்தை, அதற்கும் மேலே கர்த்தரின் கை. வீடு பறந்தது, சுவர் பறந்தது, தொட்டி மட்டும் நின்றது, உள்ளே நோரீன். அழகான கதை. அதில் ஒரே ஒரு இடைஞ்சல், தொட்டியில் இரண்டு பேர் இருந்தார்கள். ஹேஸலுடையது லாரியில் இழுத்து வந்து நிறுத்திய தகர வீடு, காற்றுக்கு நிற்காது. அதனால் சங்கு ஊதினால் அவள் தெருவைத் தாண்டி நோரீன் வீட்டுக்கு ஓடி வருவாள். அன்றும் வந்தாள், இருவரும் தொட்டிக்குள் இறங்கி மெத்தையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டார்கள். குழாய்ப் பக்கம் அவள், சரிவுப் பக்கம் நோரீன். விருந்தாளிக்குச் சரிவுப் பக்கத்தைத் தந்திருக்க வேண்டாமா என்பது வேறு விஷயம். கூரை உத்தரம் குழாய்ப் பக்கம் விழுந்தது.

கர்த்தரின் கை என்றால், அது தொட்டியில் பாதியைத்தான் மூடியது என்று சொல்ல வேண்டும். அல்லது அளவு பார்த்து மூடியது என்று சொல்ல வேண்டும். கோராவின் எதிரே, ஒற்றை மெழுகுவத்தி வெளிச்சத்தில், தலையில் சிவப்புத் துணி கட்டிக்கொண்டு.

அதைவிட அவளைப் பயமுறுத்தியது வேறொன்று. பலரும் பலமுறை சொல்லிச் சொல்லி, இப்போதெல்லாம் அவளுக்கே சில சமயம் மெத்தைக்கு மேலே ஒரு கை தெரிந்தது. ஞாயிறு பள்ளிப் படங்களில் வருவதுபோல, சட்டைக்கை அகலமாக. ஹேஸல் கண்ணை மூடி ஜெபிப்பதும் தெரிந்தது. ஹேஸல் ஜெபிக்கவில்லை. அவள் சொன்னது வேறு. அது கடைசி வார்த்தை என்று யாருக்கும் எடுத்துச் சொல்லக் கூடியதாக இல்லை. அதனால் நோரீன் யாருக்கும் சொல்லவில்லை. அந்த வார்த்தை இப்போது அவளிடம் மட்டும்தான் இருக்கிறது. மேடையில் ஒருமுறை சபையின் கதையைச் சொல்லிவிட்டால், கைதட்டலோடு அது நிஜமாகிவிடும். பிறகு தொட்டிக்குள் திரும்பிப் போனால் ஹேஸல் இருக்க மாட்டாள். அவள் இடத்தில் ஒரு படம்தான் இருக்கும்.

செவ்வாய்க்கிழமை அடுத்த திட்டக் கூட்டத்துக்கு நோரீன் சீக்கிரமே வந்துவிட்டாள். பச்சைச் சமையலறையில் கோரா மட்டும் இருந்தாள். முட்டை உரித்துக்கொண்டிருந்தாள்.

"அந்த வெள்ளிக்கிழமை விளையாட்டு மாலைக்கு நான் வர மாட்டேன், மிஸ் நோரீன்," என்றாள், திரும்பாமல். "முதியோர் இல்லத்துல ஷிப்ட் மாத்திக்கிட்டேன். முட்டையை முன்னாடியே குடுத்துடறேன், ஃபிரிட்ஜுல வச்சுக்கங்க."

"நீதான் பாத்திரம் கழுவ முதல் ஆளா நின்னியே."

"பாத்திரம் கழுவத்தான் நின்னேன்." ஓட்டைச் சிறிது சிறிதாக எடுத்தாள். "நீங்க சொல்றதைச் சொல்லுங்க. நான் தப்பா எடுத்துக்க மாட்டேன். எங்கிட்ட எல்லாரும் சொல்றாங்க, அம்மா ஜெபம் பண்ணிக்கிட்டே போனாங்கன்னு. நல்லதுதானே. ஆனா அம்மா ஜெபம் பண்ணி நான் கேட்டதே இல்ல. சாப்பாட்டு மேஜையில கூட, 'சரி, ஆறிப்போகுது'ன்னுதான் சொல்வாங்க. அதான், அந்த இருட்டுல உக்காந்துக்கிட்டு யாரோ ஒருத்தங்களைப் பத்திக் கேக்கணுமேன்னு..."

நோரீன் கைப்பையைக் கீழே வைத்தாள். பக்கத்தில் போய் ஒரு முட்டையை எடுத்துக்கொண்டாள்.

"உங்கம்மா என்ன சொன்னா தெரியுமா?"

கோராவின் கை நின்றது.

"'உன் சனியன் புடிச்ச குழாய் என் முதுகுல குத்துது, நோரீன்'னா. நான் கொஞ்சம் நகருன்னேன். 'எங்கடி நகர, உன் சனியன் புடிச்ச காலு பாதித் தொட்டியை அடைச்சுக்கிட்டிருக்கு'ன்னா. அவ்வளவுதான். அப்புறம் சத்தம் வந்துடுச்சு."

கோராவிடமிருந்து மூக்கால் ஒரு சத்தம் வந்தது. அழுகை என்று நினைத்து நோரீன் துண்டைத் தேடினாள். அழுகையில்லை.

"சர்ச் பெஞ்சைப் பத்தியும் இதேதான்," என்றாள் கோரா. "போன எடமெல்லாம் முதுகுல குத்தும் அவங்களுக்கு. இருபது வருஷம் அப்பாவோட காருல சீட்டு குத்துச்சு." புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "உண்மையாவே சனியன்னா சொன்னாங்க?"

"ரெண்டு தடவை."

"சர்ச் சமையலறைல வச்சு சொல்றீங்க பாருங்க," என்றாள் கோரா. அடுத்த முட்டையைத் தட்டி உடைத்தாள். ஓடு ஒரே இழுப்பில் வந்தது.

கூடம் நிறைந்தது. மேஜை மேல் சிவப்பும் நீலமுமாகத் துணி. அணிக்குத் தக்கபடி சதுரமாக வெட்ட வேண்டும். நோரீன் கத்தரிக்கோலை எடுத்துச் சிவப்புப் பக்கம் உட்கார்ந்தாள். தார்ப்பாய் யார் கொண்டுவருவது, புழு மிட்டாயில் சர்க்கரை நோய்க்காரர்களுக்கு என்ன செய்வது என்றெல்லாம் பேசி முடித்தார்கள். டாட்டி ரூத் அணிக்கும் எஸ்தர் அணிக்கும் சேராமல், தீவை வாங்கி வாடகைக்கு விடப்போவதாக அறிவித்தாள்.

"சரி, சிஸ்டர் நோரீன்!" என்றாள் கேண்டஸ். குரல் மறுபடியும் இறங்கியிருந்தது. "ஜெபிச்சீங்களா? கர்த்தர் என்ன சொன்னாரு?"

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். வெளியேற இன்னொரு கதவும் இருந்தது. "ஜெபித்தேன், மனசுக்குச் சமாதானம் கிடைக்கவில்லை" என்று சொன்னால் போதும். கர்த்தர் வைத்த பாரத்தைக் கர்த்தரைக்கொண்டே இறக்கிவிடலாம். டாட்டி அவளைப் பார்த்து வாயை மட்டும் அசைத்து, சமாதானம், சமாதானம் என்று எடுத்துக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"அவரை நான் கேக்கல," என்றாள் நோரீன்.

கேண்டஸ் சிரித்தாள், புரியாமல். "இன்னும் நாள் இருக்கே. கேட்டுட்டு..."

"கேக்கப் போறதில்ல, கேண்டஸ். நான் சொல்ல மாட்டேன்."

"ஆனா... அறிவிப்புல போட்டாச்சே."

"பாத்தேன். பனைமரம் நல்லா இருந்துச்சு."

கோராவின் நாற்காலி லேசாகக் கிரீச்சிட்டது. டாட்டி வாயசைப்பதை நிறுத்திவிட்டுக் காதுக்கருவியின் ஒலியைக் கூட்டினாள். நோரீன் தலையாட்டவில்லை. சிவப்புத் துணியை விரித்து, மடிப்பை விரலால் நீவி, அடுத்த தலைக்கு அளவு பார்த்து வெட்டத் தொடங்கினாள்.