கோரையாறு பாங்கின் நல்ல வருடம்

எழுபதுகளின் தொடக்கத்தில் கொழிஞ்சாம்பாறைக் கடைவீதியில் இரண்டு பாங்குகள் இருந்தன. ஒன்று பெரிய பாங்கு. அதற்குள் போனால் மலையாளத்தில் பேச வேண்டும், மலையாளத்தில் எழுத வேண்டும், நிற்கச் சொன்ன இடத்தில் நிற்க வேண்டும். இன்னொன்று கோரையாறு பாங்கு. அது கிழக்குப் பாலக்காட்டுத் தமிழ் விவசாயிகளும் கடலை வியாபாரிகளும் சேர்ந்து தொடங்கியது. அங்கே நாற்காலி போட்டு, ‘வாங்க, தோட்டத்துல தண்ணி இருக்குதுங்களா?’ என்று கேட்ட பிறகுதான் பணத்தைப் பற்றிப் பேச்சு வரும். ஓரளவு நிலம் உள்ள வீடு ஒவ்வொன்றிலும் அந்தப் பாங்கின் ஓகரிப் பத்திரம் ஒன்றாவது இருந்தது. பங்கு என்று சொன்னால் யாருக்கும் புரியாது. ஓகரி என்றுதான் சொல்வார்கள். வருடா வருடம் லாபத்தில் அவரவர் பங்கு வரும். தொகை சின்னதுதான். ஆனாலும் ‘நம்ம பாங்கு’ என்று சொல்லிக்கொள்ள அது போதுமாக இருந்தது.

அந்தக் கிளைக்கு ஏஜெண்டாக இருந்தவர் ஆறுச்சாமி. மேனேஜரை அந்தக் காலத்தில் ஏஜெண்ட் என்பார்கள். உள்ளூர்க்காரர், நாற்பதை நெருங்கும் வயது. குமாஸ்தாவாகச் சேர்ந்து மேலே வந்தவர். மழை பொய்த்த வருடங்களில்கூட அவருடைய கிளையில் டெபாசிட் குறைந்ததில்லை. அதற்குக் காரணம் பாங்கின் வட்டி அல்ல, ஆறுச்சாமியின் முகம்தான் என்று பாலக்காட்டுத் தலைமை அலுவலகத்தில் பேசிக்கொள்வார்கள்.

எழுபத்து நாலாம் வருடம் சித்திரையில் சேர்மன் சென்னிமலை அவரைப் பாலக்காட்டுக்கு வரச் சொன்னார். சாந்தன்பாறையில் சேர்மனின் மருமகன் செல்லத்துரை பேரில் ஒரு ஏலத்தோட்டம் இருந்தது. பாங்கு கொடுத்த கடன்களிலேயே பெரிய கடன் அந்தத் தோட்டத்தின் மேல்தான். வட்டி இரண்டு வருடமாக வரவில்லை. ஆனால் கணக்கில் அது வந்ததுபோல எழுதப்பட்டிருந்தது.

“ஆடிட்டர் கேக்கறாரு. நம்ம ஆளு ஒருத்தர் போய்ப் பாத்துட்டு வரோணுமாம்” என்றார் சேர்மன். “நீ போயிட்டு வா. உன்ற பேச்சுன்னா ஒருத்தரும் சந்தேகப்பட மாட்டாங்க.”

ஆறுச்சாமி பொள்ளாச்சி, உடுமலை வழியாக மூணாறு போய், அங்கிருந்து பூப்பாறைக்கு ஜீப்பில் தொங்கிக்கொண்டு சாந்தன்பாறை சேர்ந்தார். ஏலத்தோட்டம் என்றால் நிழலும் ஈரமும் வாசமுமாக இருக்கும் என்று கேட்டிருந்தார். மரங்கள் நின்றன. அவற்றின் அடியில் ஏலச்செடிகள் மஞ்சள் கோடு விழுந்த இலைகளோடு முழங்கால் உயரத்தில் சூம்பிக் கிடந்தன. பல இடங்களில் செடியே இல்லை. காய் உலர்த்தும் கூடத்தின் தகரக் கூரையை யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள்.

தொழிலாளர் லயத்தில் ஒரே ஒரு வீட்டில் புகை வந்தது. மிக்கேல் என்பவர் வெளியே வந்தார். தோட்டத்தில் கங்காணியாக இருந்தவர். உள்ளே அவர் மனைவி பிலோமி ஏதோ கீரையை வேகவைத்துக்கொண்டிருந்தாள்.

“பாங்குலேருந்தா வாறீக?” என்று மிக்கேல் கேட்டார். “அப்ப எங்க சம்பளம் கொண்டாந்திருக்கீகளா?”

“இல்லீங்க. நான் தோட்டத்தைப் பாக்க வந்தேன்.”

“பாத்துக்கிடுங்க. செடிக்கு நோய் விழுந்து ரெண்டு வருசம் ஆவுது. புடுங்கி எரிச்சுட்டுப் புதுசா நடணும்னு சொன்னோம். பணம் வருது வருதுன்னாரு மொதலாளி. எங்க வந்துச்சு? மத்தவுக எல்லாம் வேற எஸ்டேட்டுக்குப் போயிட்டாக. நான் போனா பாக்கிச் சம்பளத்தை யாருகிட்ட கேக்க? அதான் கெடக்கோம்.”

பிலோமி வாசலுக்கு வந்து நின்று, “பாங்குல சொன்னா மொதலாளி தருவாரா, சார்?” என்று கேட்டாள்.

சொல்லிப் பார்க்கிறேன் என்று ஆறுச்சாமி சொன்னார். தோட்டத்துக்கென்று கொடுத்த பணம் தோட்டத்துக்கு வரவே இல்லை என்பது அவருக்கு அப்போதே விளங்கிவிட்டது. கோயமுத்தூரில் செல்லத்துரை சினிமாக் கொட்டகை ஒன்று வாங்கியிருப்பதாகப் பேச்சு இருந்தது.

திரும்பி வந்து பார்த்ததை எல்லாம் சேர்மனிடம் சொன்னார். சென்னிமலை கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்துக்கொண்டே கேட்டார். முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது.

“என்ற மாப்பிள்ளையை நான் பாத்துக்கறேன். அந்தக் கொட்டகையை வித்தாவது கட்ட வெக்கறேன்” என்றார். “ஆனா ஆறுச்சாமி, இப்ப இது வெளிய போச்சுன்னா என்ன ஆகும்? ஒரே நாள்ல அத்தனை பேரும் வாசல்ல வந்து நிப்பாங்க. எந்தப் பாங்கு தாங்கும்? பொதுக்கூட்டம் முடியட்டும். அதுக்குள்ள பெரிய டெபாசிட் ஒண்ணும் வெளிய போகாமப் பாத்துக்க. நீ ஒண்ணும் எழுத வேண்டாம். வாயில சொன்னது போதும்.”

ஆறுச்சாமி தலையாட்டினார். சேர்மன் சொன்னதில் நியாயம் இருப்பதாகத்தான் பஸ்ஸில் வரும்போது அவருக்குத் தோன்றியது. நியாயம் இல்லாவிட்டால் தன் கையெழுத்தை நம்பிப் பணம் போட்ட முகங்களை எப்படிப் பார்ப்பது என்பதும் கூடவே தோன்றியது.

வைகாசியில் கமலாத்தாள் பாங்குக்கு வந்தார். கோரையாற்றின் ஓரம் தென்னந்தோப்பும் கடலைக்காடும் உள்ளவர். கணவர் கந்தப்பன் கொஞ்ச தூரம் நடந்தாலே மூச்சு வாங்க உட்கார்ந்துவிடுவார். இரண்டு வருடமாகக் காட்டு வேலை முழுதும் கமலாத்தாள் தலையில்தான். ஆறுச்சாமியைச் சின்ன வயதிலிருந்து தெரியும்.

“தம்பி, கோயமுத்தூரு டாக்டரு சொல்லிப்போட்டாரு. நெஞ்சுக்குள்ள ஏதோ கதவாட்டம் இருக்குதாமா, அது கெட்டுப்போச்சாமா. வேலூருக்குக் கூட்டிட்டுப் போயி ஆப்பரேசன் பண்ணோணுமாம். என்ற டெபாசிட்டு மொத்தத்தையும் எடுத்துக் குடு.”

ஆறுச்சாமி கணக்கைப் பார்ப்பதுபோலக் குனிந்தார். “ஆடி பொறந்தா கெடு முடியுதுங்கக்கா. இப்ப எடுத்தா வட்டி பூராவும் போயிருமுங்க.”

“வட்டி போனா போகட்டும்.”

“டாக்டரு உடனே வரச் சொன்னாருங்களா?”

“ஆடிக்குள்ள வாங்கன்னாரு. மழை புடிச்சாக் குளிரு ஒத்துக்காதுன்னாரு.”

“அப்பறம் என்னுங்க? பொதுக்கூட்டம் முடிஞ்ச கையோட நானே கொண்டாந்து ஊட்டுல குடுக்கறேன். வட்டியோட.”

கமலாத்தாள் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, “சரி, நீ சொன்னாச் சரி” என்று எழுந்து போனார்.

பொதுக்கூட்டம் ஆனியில் பக்கத்துச் சித்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. கொழிஞ்சாம்பாறையிலிருந்தும் கோபாலபுரத்திலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டும் பஸ் பிடித்தும் ஓகரிக்காரர்கள் வந்திருந்தார்கள். வாசலில் சந்தனம், கல்கண்டு. உள்ளே மேடையில் சேர்மனுக்கு ரோஜா மாலை. வருட அறிக்கையை ஒருவர் மலையாளத்தில் வாசிக்க, இன்னொருவர் தமிழில் சொன்னார். டெபாசிட் உயர்ந்திருக்கிறது, புதிதாக மூன்று கிளைகள், லாபம் முன்னெப்போதையும்விட அதிகம். இந்த வருடம் ஓகரிக்குப் பன்னிரண்டு சதவீதம் என்று அறிவித்தபோது மண்டபம் கை தட்டியது. சிறந்த கிளைக்கான வெள்ளிக் கேடயத்தை ஆறுச்சாமி மேடையேறி வாங்கிக்கொண்டார்.

கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார்கள். வழக்கமாக யாரும் கேட்கமாட்டார்கள்; சாப்பாட்டுக்கு நேரமாகியிருக்கும். அன்று பெண்கள் பக்கத்திலிருந்து கமலாத்தாள் எழுந்தார்.

“எனக்கு இந்தச் சதவீதம் எல்லாம் தெரியாதுங்க. சந்தையில ஒரு பேச்சு அடிபடுது. மலைத்தோட்டத்துக்குக் குடுத்த பணம் போச்சுன்னு சொல்றாங்க. சேர்மன் ஐயாவை நான் கேக்கல. ஆறுச்சாமி, நீ சொல்லு. நம்ம பணம் பத்திரமா இருக்குதா?”

கேடயத்தைக் கையில் பிடித்தபடி ஆறுச்சாமி நின்றார். மேடையில் சேர்மன் அவரைப் பார்க்காமல் முன்னால் இருந்த தண்ணீர் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மஞ்சள் கோடு விழுந்த இலைகளும் கூரையில்லாத கூடமும் ஆறுச்சாமியின் கண்முன் வந்தன. எதிரே இருந்த எல்லாரையும் அவருக்குத் தெரியும். எந்த வீட்டில் எப்போது கல்யாணம், யார் கிணறு வெட்டப் பணம் சேர்க்கிறார் என்பதெல்லாம் தெரியும்.

“இருக்குதுங்கக்கா” என்றார்.

கமலாத்தாள் உட்கார்ந்தார். யாரோ ஒருவர் சிரித்து, ‘அப்பறம் என்ன, எலை போடுங்க’ என்றார்.

கூட்டம் முடிந்த மறுநாள் ஆறுச்சாமி கமலாத்தாளின் பணத்தைக் கேட்டுத் தலைமை அலுவலகத்துக்கு ஆள் அனுப்பினார். கிளையில் அவ்வளவு பணம் இல்லை. வருகிறது என்றார்கள். அடுத்த வாரமும் அதையே சொன்னார்கள். அவர் நேரில் போனபோது சேர்மன் ஊரில் இல்லை. ஆடி பிறப்பதற்கு முந்தைய சனிக்கிழமை, பாங்கைச் சாத்திய பிறகு, தோட்டக் கடன் விஷயம் மேலிடத்துக்கு எட்டி, தில்லி சர்க்காரிடமிருந்து உத்தரவு வந்தது. கோரையாறு பாங்கின் கொடுக்கல் வாங்கல் எல்லாம் நிறுத்தி வைக்கப்படுகிறது. மறு உத்தரவு வரும்வரை ஒரு கணக்குக்கு இருநூறு ரூபாய்க்கு மேல் கொடுக்கக் கூடாது.

திங்கட்கிழமை காலையில் கடைவீதி முழுக்க ஆட்கள். யாரும் கத்தவில்லை. பாங்குக் கதவைப் பார்த்தபடி நின்றார்கள். வயதான ஒருவர் முதல் படியில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். ஆறுச்சாமி கதவைத் திறந்து ஒவ்வொருவருக்கும் அந்த இருநூறைக் கொடுத்தார். வாங்கியவர்களில் அவரோடு பேசியவர்கள் குறைவு.

கமலாத்தாள் தோப்பை விற்கப் பார்த்தார். அங்கேதான் இடித்தது. நிலம் வாங்கக் கூடியவர்கள் எல்லாருடைய பணமும் அதே பாங்கில் முடங்கிக் கிடந்தது. பொள்ளாச்சி ஆள் ஒருவர் வந்து பார்த்துவிட்டுக் கால் விலை கேட்டார். அதற்கும் சரி என்றார் கமலாத்தாள். பத்திரம் முடிக்கக் கேரளத்து ஆபீசில் நாள் தள்ளிக்கொண்டே போனது. மழை பிடித்துவிட்டது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்த ஈரக்காற்று இரவும் பகலும் ஓயவில்லை. கந்தப்பன் படுக்க முடியாமல் கட்டிலில் தலையணைகளுக்கு நடுவே உட்கார்ந்தே இருந்தார். உட்கார்ந்த இடத்தில் கால்கள் வீங்கின.

ஒரு நாள் காலையில் ஆறுச்சாமி அந்த வீட்டுக்குப் போனார். மனைவியின் நகைகளைச் சேட்டுக் கடையில் வைத்தும், கோபாலபுரத்தில் மச்சானிடம் கடன் வாங்கியும் பணம் கொண்டு வந்திருந்தார். எப்படிக் கொடுப்பது என்று தெரியாமல் கட்டிலின் ஓரத்தில் வைத்தார்.

“இது எந்தப் பணம்?” என்றார் கமலாத்தாள்.

“என்றதுங்க.”

கந்தப்பன் கண்ணைத் திறந்து பார்த்தார். “வாங்கிக்க, கமலா. உசுருக்கு முன்னால ரோசம் எதுக்கு?” என்று மூச்சுக்கு நடுவே சொன்னார்.

கமலாத்தாள் வாங்கிக்கொண்டார். அன்றைக்கே வாடகைக் காரில் கோயமுத்தூருக்குக் கிளம்பினார்கள். ரயிலில் ஏற்றிவிட்டு வர ஆறுச்சாமியும் போனார். ஸ்டேஷனில் மரப்பெஞ்சில் உட்காரவைத்து, வண்டி வருவதற்காகக் காத்திருந்தார்கள். கந்தப்பன் தண்ணீர் கேட்டார். ஆறுச்சாமி குழாயடிக்குப் போய்ப் பிடித்துக்கொண்டு வருவதற்குள் கந்தப்பன் கமலாத்தாளின் தோளில் சாய்ந்திருந்தார். தூங்குகிறார் என்றுதான் ஆறுச்சாமி முதலில் நினைத்தார். கமலாத்தாள் அழவில்லை. கணவரின் சட்டைப் பொத்தானை மெதுவாகப் போட்டுவிட்டார்.

“காரை நிறுத்தி வெக்கச் சொல்லு” என்றார். “திரும்பிப் போகோணும்.”

வழியெல்லாம் மழை பெய்தது. முன்சீட்டில் இருந்த ஆறுச்சாமி ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த தை மாதத்தில் கோரையாறு பாங்கை வெளியூர் அரசாங்க பாங்கு ஒன்று எடுத்துக்கொண்டது. டெபாசிட் போட்டவர்களுக்கு முழுப் பணமும் கிடைக்கும் என்று ஆயிற்று. ஓகரிகளுக்கு ஒன்றும் இல்லை. சேர்மன் சென்னிமலை பாலக்காட்டு வீட்டையும் வயலையும் கடனுக்கு ஈடாக எழுதிக் கொடுத்தார். வாதம் வந்து பேச்சு விழுந்து, மகள் வீட்டில் கிடந்தார். செல்லத்துரை மேல் வழக்கு நடந்தது. சாந்தன்பாறைத் தொழிலாளிகளின் சம்பளப் பாக்கி பற்றி ஆறுச்சாமி புதிய பாங்குக்காரர்களிடம் சொல்லிப் பார்த்தார். தோட்டத்துத் தொழிலாளி பாங்கின் கணக்கில் வரமாட்டான் என்று அவர்கள் சொன்னார்கள்.

புதிய பலகை மாட்டிய கிளையில் ஆறுச்சாமியையே வைத்துக்கொண்டார்கள். பணம் கொடுக்கத் தொடங்கிய வாரத்தில் கமலாத்தாள் வந்தார். வெள்ளைச் சேலையில் இன்னும் உயரமாகத் தெரிந்தார். கணக்கை முடித்து வாங்கியதில், ஆறுச்சாமி கொடுத்திருந்த தொகையைப் பிரித்து அவர் பக்கம் தள்ளினார். எழுந்து போகாமல் எதிரிலேயே உட்கார்ந்து கேட்டார்.

“அன்னிக்கு உனக்குத் தெரியுமா?”

“தெரியுமுங்க.”

“இல்லீன்னு சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்?”

ஆறுச்சாமி இந்த மாதங்களில் இதைப் பலமுறை தனக்குள் சொல்லிப் பார்த்திருந்தார். “மக்யாநாளு வெடிஞ்சதுமே எல்லாரும் வந்திருப்பாங்க. பாங்கு அன்னிக்கே சாஞ்சிருக்கும். முன்னால வந்த நாலு பேருக்குக் கெடச்சிருக்கும், மத்தவிங்களுக்குக் கெடச்சிருக்காதுங்க.”

“நான் முன்னால வந்திருப்பேன்” என்றார் கமலாத்தாள்.

பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்து போனார். அந்தப் பணத்தை எதிர்ப்பக்கம் இருந்த அந்தப் பழைய பெரிய பாங்கில் போட்டார். மலையாளத்தில் எழுதித் தர யாரையோ கூட்டிப் போனாராம்.

ஆறுச்சாமி இரண்டு வருடம் வேலையில் இருந்தார். டெபாசிட் சேர்க்க வீடு வீடாகப் போகச் சொன்னபோது போகவில்லை. விளக்கம் கேட்டு மேலிடத்திலிருந்து கடிதங்கள் வந்தன. கடைசியில் வேலையை விட்டுவிட்டு, கோபாலபுரம் செக்போஸ்டுக்குப் பக்கத்தில் மச்சானோடு சேர்ந்து புண்ணாக்குக் கடை வைத்தார். கடனுக்குக் கொடுப்பதில்லை, கடன் வாங்குவதும் இல்லை என்று அந்தக் கடைக்குப் பேர். கொழிஞ்சாம்பாறைக்காரர்கள் வந்து வாங்கிப் போவார்கள். தீவனம் நல்லதுதானா என்று யாராவது கேட்டால், மூட்டையை அவிழ்த்துவிட்டு ஒதுங்கி நின்று, “நீங்களே பாத்துக்குங்க” என்பார்.