இராகுகாலத்தில் எரியாத ஹீற்றர்

என் மனுசன் ஜெயரட்ணத்துக்குக் கடவுளிடம் அவ்வளவு பயம் கிடையாது. கோயிலில் பூசை நடக்கும்போது வாசலில் நின்று கார் விடுகிற இடத்தைப் பற்றி வாதாடுகிற ஆள். ஆனால் இராகுகாலம் என்றால் அடங்கிப் போய்விடுவார். குசினிச் சுவரில் தொங்கும் கோயில் கலண்டரில் ரொறன்ரோவுக்கென்று கணித்துப் போட்டிருக்கிற நேரத்தைப் பார்க்காமல் பல்லு டொக்டரிடம்கூடப் போகமாட்டார். ஒருமுறை கன்னம் வீங்கி, கண் பாதி மூடிய நிலையிலும் நேரம் கழியும்வரை காருக்குள் குந்தியிருந்தார். ஊரை விட்டு ரொறன்ரோப் பக்கத்து மில்லிக்கன்வரைக்கும் துரத்திக்கொண்டு வர நாங்கள் என்ன இராகுவுக்குச் சொந்தக்காரரா என்று கேட்டால் மணிக்கூட்டைப் பார்ப்பார்.

எங்கள் ஒரே மகன் வினோதனின் கலியாணமும் இதில்தான் குழம்பியது. அவன் விரும்பிய மெலனி, மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கப் பிள்ளை. வேறு சமயம் என்பதை இவர் ஒருமாதிரி விழுங்கிவிட்டார். பிள்ளைக்குச் சாதகம் இல்லை என்பதுதான் தொண்டையில் சிக்கியது. சாதகமே எழுதாத பெட்டையோடு எதைப் பொருத்திப் பார்ப்பது என்று மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தார். பொறுமை கெட்டு, அவர்கள் இரண்டு பேரும் நகர மண்டபத்தில் கிடைத்த நேரத்தில் கையெழுத்து வைத்தார்கள். கிடைத்தது வெள்ளிக்கிழமை முற்பகல். கலண்டரைப் பார்த்த மனுசன் போட்ட கோட்டைக் கழற்றிவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டார். நான் தனியே போனேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் முழுதாய் ஆறவில்லை.

பிறகு வினோதன் வேலை எடுத்துக்கொண்டு மெலனியோடு கல்கரிக்குப் போனான். பின்வளவில் அவன் ஆசைப்பட்டு வெட்டிய சின்னக் குளமும் அதில் கோய் என்கிற நான்கு அலங்கார மீன்களும் எங்களோடு மிஞ்சின. ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு ரெலிபோன் எடுப்பான். கதைத்து முடிந்ததும் அப்பாவிடம் கொடுக்கச் சொல்வான். தகப்பனும் மகனும் மீனைப் பற்றிக் கதைப்பார்கள். தண்ணி கலங்கியிருக்கிறதா, வெள்ளை மீன் சாப்பிட்டதா, சிவப்பின் செட்டை ஆறிவிட்டதா. அதைத் தவிர ஒரு சொல் கிடையாது. மெலனி என்ற பெயர் இவர் வாயில் வந்ததே இல்லை. ஆனாலும் ஞாயிறு காலையிலேயே முகம் வழித்து, தலை இழுத்துவிட்டு இருப்பார். ரெலிபோனில் முகம் தெரியாது என்று நானும் சொல்வதில்லை. அந்த மீன் கதையும் இல்லாவிட்டால் இந்த இரண்டு பேருக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை என்பது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

குளிர்காலம் வந்தது. குளம் முழுவதும் உறைந்து மூடினால் கீழே சேருகிற கெட்ட காற்று வெளியேற வழியில்லாமல் மீன் செத்துப்போகும் என்று வினோதன் விளங்கப்படுத்தினான். மிதக்கிற ஹீற்றர் ஒன்று போட்டு ஐசில் ஒரு ஓட்டை எப்போதும் திறந்திருக்கச் செய்ய வேண்டும். ஐசை அடித்து மட்டும் உடைக்கக் கூடாது, அந்த அதிர்ச்சியிலேயே மீன் போய்விடும் என்றான். ஹீற்றர் வாங்குவது பெரிய வேலையாக இருக்கவில்லை. அதை எந்தச் சுவிச்சில் கொழுவுவது என்பதில்தான் எங்கள் வீட்டில் பாரதப்போர் தொடங்கியது. இராகுகாலத்தில் அது பத்தவே கூடாது என்று இவர் ஒற்றைக்காலில் நின்றார்.

இவருடைய கூட்டாளி வாகீசனும் கடைக்கு வந்தார். தன்னுடைய பேஸ்மென்ருக்குத் தானே வயர் இழுத்த நாளிலிருந்து தன்னை எலக்றீசியன் என்று சொல்லிக்கொள்பவர். அந்த வயரிங்கில் குளியலறை லைற்றைப் போட்டால் வாசல் மணி அடிக்கும் என்பதை அவர் வெளியில் சொல்வதில்லை.

முதலில் வட்டமான ரைமர் ஒன்றை எடுத்தார்கள். சுற்றிவரப் பல் வைத்தது, பல்லை அமுக்கினால் அந்த நேரத்தில் கரண்ட் போகும். ஆனால் எல்லா நாளும் ஒரே மாதிரித்தான் வேலை செய்யும். இராகுவோ ஒவ்வொரு நாளும் நேரம் மாற்றுகிறவர். அது கழிந்தது. பிறகு வெப்பநிலை பார்த்துத் தானே வேலை செய்கிற பிளக். குளிர் கூடினால் பத்தும், குறைந்தால் அணையும். குளத்துக்கென்றே செய்த சாமான், ரைமரே தேவையில்லை. இவர் அதைப் பாம்பைத் தொட்ட மாதிரித் திருப்பி வைத்தார்.

"உது தன்ர பாட்டில பத்துமெண்டா எந்த நேரத்தில பத்துமெண்டு ஆருக்குத் தெரியும்?"

உதவிக்கு வந்த கடைப் பெட்டை என்ன நேர ஒழுங்கு வேண்டும் என்று கேட்டாள். வாகீசன் இங்கிலீசில் இராகுவை விளங்கப்படுத்தினார்: ஒரு பாம்பு, தலை மட்டும்தான், உடம்பு இல்லை. அது குளத்துக்குள்தான் இருக்கிறதா என்று அந்தப் பிள்ளை கவலையோடு கேட்டது. நான் கார்த் திறப்பை வாங்கிக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

விடுவதாக இல்லை நான். கோயில் ஐயருக்கு ரெலிபோன் எடுத்துக் கேட்டேன். நல்ல நேரத்தில் தொடங்கிய காரியம் இராகுகாலத்திலும் தொடரலாம், தொடங்கத்தான் கூடாது என்றார். பிறகென்ன, ஒரு நல்ல நேரத்தில் போட்டுவிட்டால் பனி கரையும்வரை எரியட்டும் என்றேன். இவர் யோசித்தார். ஹீற்றருக்குள்ளேயும் ஒரு தேர்மோஸ்ராற் இருக்கிறது, அது நின்று நின்று பத்தும், ஒவ்வொரு பத்தலும் ஒரு தொடக்கம் என்றார். இவ்வளவு மூளையைப் படிப்பில் காட்டியிருந்தால் மனுசன் நீதவானாக வந்திருப்பார்.

கடைசியில் கிழமை முழுவதற்கும் தனித்தனியே நேரம் வைக்கக்கூடிய டிஜிற்றல் ரைமர் ஒன்று வாங்கினார்கள். ஹீற்றரின் பாரத்தைத் தாங்கக்கூடியதுதான், அதில் பிழை சொல்ல முடியாது. பின்சுவரிலிருந்த பிளக்கில் அதைக் கொழுவி, கலண்டரைப் பக்கத்தில் வைத்து ஒரு முழுப் பின்னேரமும் நேரம் குத்தினார். கரண்ட் நின்றாலும் நேரத்தை நினைவில் வைக்க அதற்குள் சின்ன பற்றரி ஒன்று இருந்தது. பற்றரியிலிருந்து நாக்குப் போல ஒரு பிளாஸ்ரிக் துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதை இழுத்து எடுத்தால்தான் பற்றரி வேலை செய்யும். எங்கள் வீட்டில் ரிவி றிமோட் இன்னும் பொலித்தீனுக்குள். சோபா செற்றிக்கு வந்த உறை இன்னும் செற்றியில். எதிலும் எதையும் கிழித்தால் கடைக்காரன் திருப்பி எடுக்கமாட்டான் என்பது இவருடைய சித்தாந்தம். அந்தத் துண்டையும் இழுக்கவில்லை. நேரம் குத்தி முடிந்ததும், கழுவிக் காயவைத்த பால் பையொன்றால் ரைமரை மூடி, வாயை இறுக்கிக் கட்டினார்.

உண்மையைச் சொன்னால் வேலை செய்தது. இராகு வருகிற நேரத்தில் ஹீற்றர் அணையும், போனபின் பத்தும். ஓட்டை மூடவில்லை. இவர் மீனின் சுகத்தை ஞாயிறு தவறாமல் கல்கரிக்கு அறிவித்தார். எனக்கே கொஞ்சம் வெட்கமாகிவிட்டது.

தை மாதம் இவருடைய தங்கையின் மகளுக்கு மொன்றியலில் கலியாணம். நல்ல முகூர்த்தம், அதனால் முன்னுக்கே போய் ஆறுதலாக நின்றோம். நாங்கள் அங்கே வடையும் பாயசமுமாக இருந்தபோது இங்கே பெருங்காற்று அடித்துக் கரண்ட் நின்றிருக்கிறது. திரும்பி வந்ததும் பக்கத்து வீட்டுக்காரர்தான் சொன்னார். கலியாணக் கோட்டோடேயே இவர் பின்வளவுக்கு ஓடினார், பின்னால் நான்.

குளம் எது, புல் எது என்று தெரியவில்லை. எல்லாம் ஒரே வெள்ளை. பால் பையைப் பிரித்துப் பார்த்தார். ரைமரின் முகத்தில் நேரம் அழிந்துபோய்ப் பூச்சியங்கள் மினுங்கிக்கொண்டிருந்தன. கரண்ட் எப்போதோ திரும்பி வந்துவிட்டது. ஆனால் என்ன நாள், என்ன நேரம் என்று தெரியாமல் ரைமர் ஹீற்றருக்குக் கரண்ட் விடாமல் இருந்திருக்கிறது. பிளாஸ்ரிக் துண்டு பற்றரியில் அப்படியே நீட்டிக்கொண்டு நின்றது.

சோறு வடிக்கிற பெரிய பானையில் நான் சுடுதண்ணி கொண்டுவந்து கொண்டுவந்து கொடுக்க, இவர் முழங்காலில் நின்று மெல்ல மெல்ல ஊற்றினார். ஓட்டை விழுந்தது. முதலில் வெள்ளை மீன் வயிறு தெரிய மேலே வந்தது. பிறகு மற்றவை.

சொல்வதற்கு என்னிடம் நிறைய இருந்தது. இராகுவில் தொடங்கி பொலித்தீன்வரை வரிசையாய் வாயில் வந்து நின்றது. ஆனால் அவர் பனிக்குள் இருந்தபடியே, என்னைப் பார்க்காமல், "இனி அவன் என்னோடை கதைக்கமாட்டான், மலர்" என்றார். எனக்கு அவரில் இரக்கமாக இருந்தது. பொல்லாத இரக்கம். அதற்காகவும் கொஞ்சம் கோபம் வந்தது.

வாகீசனிடம் ஒரு திட்டம் இருந்தது. அதே நிறத்தில் நான்கு மீன் வாங்கிப் பேஸ்மென்ரில் தொட்டிக்குள் விடுவது, கோடையில் குளத்துக்கு மாற்றுவது, அதுவரை ரெலிபோனில் சமாளிப்பது. இவர் தலையாட்டினார். ஞாயிறு காலை முகம் வழிக்கும்போது கண்ணாடியைப் பார்த்து, வெள்ளை மீன் நல்லாய்ச் சாப்பிடுது என்று சொல்லிப் பழகியது எனக்குக் கேட்டது.

வினோதன் ரெலிபோன் எடுத்தான். என்னோடு கதைத்தான். நான் ரெலிபோனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தேன்.

"அப்பா, மீனெல்லாம் எப்பிடி?"

இவர் வாயைத் திறந்தார். பழகிய பொய் வரவில்லை.

"செத்துப்போச்சுதடா. நாலும். பிழை என்னிலதான்."

 வைத்துவிட்டானோ என்று நான் திரையை எட்டிப் பார்த்தேன். வைக்கவில்லை.

"அப்ப இனி நாங்கள் என்னத்தைக் கதைக்கிறது, அப்பா?" என்றான் வினோதன். அவன் குரல் சின்னப் பிள்ளையின் குரலாக இருந்தது.

"எனக்கும் அந்தப் பயம்தான் மோனை. மீனுக்கெண்டோ நான் உந்த ஹீற்றரை வாங்கினனான்?"

  இவர் மேசை விரிப்பின் பொலித்தீனை நகத்தால் சுரண்டினார். பிறகு ரெலிபோனைத் தன் பக்கம் இழுத்தார்.

"மெலனி பக்கத்தில நிண்டா ஒருக்காக் குடு. அவவோடையும் கதைக்க வேணும்."