முந்நூறு மீட்டர் சகதி

மேலப்பாளையம் டயர் கடையில் ஆசியா உம்மாள் கேட்ட முதல் கேள்வியிலேயே பெருமாள்ராஜ் மாட்டிக்கொண்டான்.

"ரோட்டுல எவ்வளவு ஓடும், சகதியில எவ்வளவு ஓடும்? அதச் சொல்லுங்க தம்பி. டயர நான் சொல்லுதேன்."

நியாயமான கேள்விதான். முழு மண் டயர் சகதியைக் கவ்விப் பிடிக்கும். ஆனால் மழை பெய்த தார் ரோட்டில் பிரேக் போட்டால் வழுக்கும், சீக்கிரம் தேயும். ரோட்டு டயர் தாரில் சுகமாகப் போகும். சகதியில் நின்ற இடத்திலேயே சுற்றும். இரண்டுக்கும் நடுவில் ஒரு ரகம் உண்டு, அது இரண்டிலும் ஒப்பேற்றிவிடும். எது வேண்டும் என்பது போகிற வழியைப் பொறுத்தது. பெருமாள்ராஜ் போக வேண்டிய வழியோ வாய்விட்டுச் சொல்லக்கூடியதாக இல்லை.

"ரோட்டுல முப்பது கிலோமீட்டரு," என்றான். "சகதியில..."

"சகதியில?"

"முந்நூறு மீட்டரு."

இருபது வருஷமாக டயர் விற்கிற ஆசியா உம்மாள் கண்ணாடியைக் கழற்றி அவனை நன்றாகப் பார்த்தாள்.

"அந்த முந்நூறு மீட்டர நடந்து போனா என்ன?"

"நடந்து போனா தேடிப் போன மாதிரி ஆயிரும்க்கா."

அதன்பிறகு அவள் ஸ்டூலை இழுத்துப் போட, அவன் முழுக்கதையையும் கக்கினான்.

அவன் மனைவி இசக்கிச்செல்வி கோபித்துக்கொண்டு முக்கூடலில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போய் இருபத்திரண்டு நாளாகிவிட்டது. அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவளுடைய ஸ்கூட்டரை விற்று, பழைய ஜீப் ஒன்றை வாங்கி வாசலில் நிறுத்தி, ஆரத்தி எடுக்கச் சொன்னான் இவன். அவள் ஆரத்தி எடுக்கவில்லை, பெட்டியை எடுத்தாள்.

பாளையங்கோட்டையில் அவள் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்துக்கு முக்கூடலிலிருந்தே பஸ்ஸில் வந்து போகிறாள். இவனுடைய பம்புசெட் கடையிலிருந்து அது மூன்றாவது தெரு. ஆனால் அங்கே போய்க் கூப்பிட்டால் செல்லாது. கோபித்துப் போன பெண்ணை, அவள் போன வீட்டுக்கே வந்து, முன்வாசலில் நின்று, தெரு பார்க்க அழைக்க வேண்டும். அதுதான் முறை. அழைக்காமல் வந்தால் அவளுக்குக் குறைச்சல். அழைக்கப் போனால் இவனுக்குக் குறைச்சல். தானே பொங்கிய சோற்றைத் தின்று பெருமாள்ராஜ் ஆறு கிலோ இறங்கியிருந்தான். மானம் மட்டும் ஒரு கிராம்கூடக் குறையவில்லை.

அதனால்தான் இந்தத் திட்டம். மாமனார் வீட்டு முன்வாசல் வரைக்கும் நல்ல தார் ரோடு இருக்கிறது. அது வேண்டாம். ஊருக்கு வெளியே மதகடியில் இறங்கி, வாய்க்கால் கரைச் சகதியில் முந்நூறு மீட்டர் போனால் அவர்கள் வயல். வயலை ஒட்டி வீட்டின் பின்வாசல். வயலைப் பார்க்க வந்தவனை மச்சினன் பேச்சிராஜ் கண்டு சாப்பிடக் கூப்பிடுவான். உள்ளே அவள் இருப்பாள். பார்த்துவிட்ட பிறகு பேசாமலா இருப்பாள்? அழைக்கப் போனதாகவும் ஆகாது.

"சகதியில சிக்கி நின்னா இன்னும் நல்லதுல்லா?" என்றாள் ஆசியா உம்மாள். "அவங்களே ஓடி வருவாங்க. அதுக்கு ஒங்க மொட்டை டயரே போதுமே."

"மாமனார் ஊர்லயா? மானம் போயிரும்க்கா."

"இப்ப மட்டும் அது எங்கன இருக்கு?"

அவன் டயர் அடுக்குப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"எம்பேச்சக் கேட்டா நடு ரகம் போடுங்க. நூத்துக்குத் தொண்ணூத்தொம்பது தாருலதான் போறிய."

அவன் கேட்கவில்லை. கடையிலேயே பெரிய மண் டயராகப் பார்த்து நாலு எடுத்தான். டயரில் புடைத்து நின்ற பட்டன் ஒவ்வொன்றும் அதிரசம் அளவுக்கு இருந்தது.

"சகதியில காத்தக் கொறச்சுக்கிடுங்க," என்று வழியனுப்பினாள் ஆசியா உம்மாள். "மத்ததையும் கொஞ்சம் கொறச்சா நல்லது."

ஞாயிற்றுக்கிழமை காலை பெருமாள்ராஜ் மதகடியில் இறங்கினான். டயர்கள் சொன்ன சொல் தவறவில்லை. முழங்கால் ஆழச் சகதியில் ஜீப் நூல் பிடித்தாற்போலப் போயிற்று. இருநூறு மீட்டர் தாண்டியதும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. இன்னும் கொஞ்சம் வீட்டுப் பக்கமாக நிறுத்துவோமே என்று ஸ்டியரிங்கை ஒடித்தான்.

வரப்பு இரண்டாகப் பிளந்தது.

மாமனார் வயல் தண்ணீர் குபுகுபுவென்று பக்கத்து வயலுக்குப் பாய்ந்தது. அந்த வயல்காரர் சுடலைக்கண்ணு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

"ஏலே! எவம்லே அது வரப்ப அறுத்தது?" கிட்டே வந்ததும் குரல் மாறியது. "நம்ம செல்வி மாப்பிள்ளையா? வே, ரோடு எங்க போச்சு வே?"

சத்தம் கேட்டுப் பின்வாசல் திறந்தது. வந்தது பேச்சிராஜ் இல்லை. இசக்கிச்செல்வி, கையில் மம்பட்டியோடு.

"நெல்லு எப்படி இருக்குன்னு பாக்க வந்தேன்," என்றான் பெருமாள்ராஜ்.

"நட்டு நாலு நாளாச்சு. எந்த நெல்லப் பாக்கீய?"

அவன் நாற்றுகளைப் பார்த்தான். அவற்றிலும் பாதி தண்ணீரில் போய்க்கொண்டிருந்தன.

"மொதல்ல வரப்ப அடைங்க," என்று மம்பட்டியை நீட்டினாள்.

சேற்றில் இறங்கி அடைத்தான். பம்புசெட் விற்கிறவன் மம்பட்டி பிடித்த அழகைச் சுடலைக்கண்ணு ரசித்துப் பார்த்தார். முடிந்ததும் பின்வாசலை நோக்கிக் கால் வைத்தான். இசக்கிச்செல்வி குறுக்கே நின்றாள்.

"இது மாடு வார வாசல். மாப்பிள்ள வார வாசல் தெருப்பக்கம் இருக்கு."

கதவைச் சாத்திவிட்டாள்.

வந்த வழியே திரும்பி, ஊரைச் சுற்றித் தெருவுக்குள் நுழைந்தான். தார் ரோடு ஏறியதும் பட்டன்களுக்குள் அப்பியிருந்த சகதியெல்லாம் கட்டிகட்டியாகத் தெறித்தது. கோலத்தில், கொடியில் காய்ந்த வேட்டியில், கழுவி நிறுத்தியிருந்த பைக்கில். ஏச்சும் பேச்சுமாகத் தெருவே வெளியே வந்து ஜீப்பின் பின்னால் நடந்தது. ஒருவரும் பார்க்கக் கூடாது என்று கிளம்பியவனை ஊர்வலமாகக் கொண்டுவந்து மாமனார் வாசலில் விட்டது.

கதவைத் திறந்த இசக்கிச்செல்வி அப்போதுதான் பார்ப்பவள் போல, "வாங்க. என்ன இவ்வளவு தூரம்?" என்றாள்.

"ஒன்னக் கூப்பிடத்தான்," என்று முணுமுணுத்தான்.

"மாப்பிள்ள, கொஞ்சம் சத்தமா! கடைசி ஆளுக்குக் கேக்கல," என்றது கூட்டத்திலிருந்து ஒரு பெண்குரல்.

பெருமாள்ராஜ் கண்ணை மூடிக்கொண்டான்.

"ஒங்கிட்ட கேக்காம ஸ்கூட்டர வித்தது தப்பு செல்வி! வீட்டுக்கு வா!"

வானம் இடிந்து விழும் என்று நினைத்திருந்தான். பைக்கின் சொந்தக்காரர் மட்டும் "சரி, இனி எம்பைக்க யாரு தொடைக்கா?" என்று கேட்டார். தெரு சிரித்தது. இசக்கிச்செல்வி சிரிக்காமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள். கண் மட்டும் கலங்கியிருந்தது.

"கால் கழுவிட்டு உள்ள வாங்க. சாப்பிட்டுப் போவோம்," என்றாள். "ஆனா ஸ்கூட்டர் வார வரைக்கும் ஜீப் எனக்கு."

"அப்ப நான் கடைக்கு?"

"டவுன் பஸ் போவுதுல்லா? இத்தன நாளா நான் போகல?"

"ஒனக்கு ஜீப் ஓட்ட..."

"எங்க டிராக்டரையே ஓட்டுனவ நான்."

"இல்ல செல்வி, இது மண் டயரு. மழையில பைய போவணும், பிரேக்கு..."

அவள் கையை நீட்டினாள். பெருமாள்ராஜ் சாவியில் ஒட்டியிருந்த சேற்றைச் சட்டையில் துடைத்து, அவள் உள்ளங்கையில் வைத்தான்.