மூணு வாட்

லிபின் வாயைத் திறந்தாலே அந்த மூணு வாட்தான். பருத்திப்பட்டு ஏரிக்குப் பக்கத்தில் பன்னிரண்டு வீடுகள் கொண்ட குடியிருப்பில் அவனுக்கும் ஒரு வீடு. அதற்கு எட்டு கேமராவை அவனே மாட்டிக் கொடுத்திருந்தான். எல்லாம் பதிவாவது படிக்கட்டுக்கு அடியில் வைத்திருந்த உள்ளங்கை அளவுக் கணினியில். அதன் சார்ஜர் வயருக்கு நடுவே விரல் நீள மீட்டர் ஒன்றைச் செருகி, "மூணு வாட்தான் இழுக்குது பாருங்க" என்று வீடு வீடாகப் பீற்றிக்கொண்டான். நாகர்கோவிலிலிருந்து வந்து ஒரு வருஷம்கூட ஆகாதவனுக்கு அந்தப் பாராட்டு வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகுதான் சனியன் பிடித்தது. கரண்ட் போனால் படிக்கட்டு விளக்குகளுக்கும் வாட்ச்மேன் ரூமுக்கும் மூன்று மணி நேரம் தாங்கிய பொது இன்வர்ட்டர், கேமராக்களையும் அதில் சேர்த்த பிறகு பாதியிலேயே படுத்தது. படிக்கட்டெல்லாம் கும்மிருட்டு. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் செயலாளர் சாவித்திரி காரணம் கேட்டார். லிபின் யோசிக்கவே இல்லை.

"கேமரா இல்லக்கா. வாட்ச்மேன் ரூம்ல ஃபேன் ஓடுதுல்லா, அது நாப்பத்தஞ்சு வாட்."

வாட்ச்மேன் கோதண்டத்தைக் கூப்பிட்டு எல்லார் முன்னாலும் நிற்கவைத்தார்கள். "ஆறு வருசமா அதே ஃபேன்தானேம்மா ஓடிகினு கீது?" என்றார் அவர். நியாயமான கேள்வி. ஆனால் லிபின் செல்போனில் கணக்குப் போட்டுக் காட்டிய பிறகு அதை யார் காதில் வாங்குவார்கள்? மே மாத வெயிலில் ஃபேனைத் தூக்கி ஸ்டோர் ரூமில் போட்டார்கள்.

ஃபேன் போன பிறகும் மூன்று மணி நேரம் வரவில்லை. அவன் மனைவி ஜெனிஷாதான் கேட்டாள்: "நீங்க அந்தக் குட்டிப் பெட்டியை மட்டும்தான அளந்தீங்க? கேமராவுக்குக் கரண்ட் குடுக்குற பெட்டி, ஹார்ட் டிஸ்க், அதெல்லாம்?"

அவனுக்குச் சுருக்கென்றது. சுவர் பிளக்கில் மாட்டும் மீட்டரை வாங்கிவந்து மொத்தத்தையும் அதில் சொருகினான். அறுபத்தொன்று. ஃபேனைவிடப் பதினாறு அதிகம். தன் செல்லக் கணினியை மட்டும் அளந்துவிட்டு ஒரு மனுஷனைத் தலைகுனிய வைத்திருக்கிறான். வெட்கம் பிடுங்கித் தின்றது.

குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில், தப்பு தன்னுடையது என்று எழுதினான். இரண்டு நிமிஷத்தில் கட்டைவிரல்கள், "பரவால்ல தம்பி"கள். மூச்சு சீரானது.

"கோதண்டம் அண்ணன் அந்த குரூப்ல இருக்காரா?" என்றாள் ஜெனிஷா.

இல்லை.

கீழே போய், ஸ்டோர் ரூமிலிருந்த ஃபேனைத் தூக்கிக்கொண்டு வாட்ச்மேன் ரூமுக்குப் போனான். அட்டையால் விசிறிக்கொண்டிருந்த கோதண்டம் அவனைக் கண்டதும் அவசரமாகச் சட்டையை மாட்டிக்கொண்டு எழுந்தார். அந்த மரியாதைதான் லிபினைக் கொன்றது.

"அண்ணே, கரண்ட்டை இழுத்தது உங்க ஃபேன் இல்ல. என் கேமராதான். நான் ஒழுங்கா அளக்கல. மன்னிச்சிருங்க. குரூப்லயும் போட்டுட்டேன்."

"அத்த நா எங்க சார் பாத்தேன்?" கோதண்டம் ஃபேனை வாங்கி, இறக்கையில் படிந்த தூசியைத் துண்டால் துடைத்தார். பிறகு அதை அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். "என்னை நிக்க வெச்ச எடத்துல நின்னு சொல்லு சார். அதுவரைக்கும் இத்த நீயே வெச்சிரு."

மூன்றாம் மாடியில் இருக்கும் தன் வீட்டுக்கு ஃபேனோடு ஏறத் தொடங்கினான். முதல் மாடியில் சாவித்திரி கதவைத் திறந்தார். "அதான் குரூப்ல போட்டாச்சே தம்பி, விடுங்க."

"இல்லக்கா," என்றான் லிபின், தலையை நிமிர்த்தாமல். "ஞாயித்துக்கிழமை கூட்டம் போடணும். எல்லாரும் வரணும். கோதண்டம் அண்ணனுக்கு ஒரு நாற்காலி போடணும். நான் நின்னுக்குறேன்."