இருநூற்று நாற்பது பேர் வருவார்கள்

1

இந்தக் கதை முதலில் கல்லூரிக்கு எழுதிய ஒப்பீட்டு அறிக்கையாக இருந்தது. தலைப்பு: 'முதலீட்டு நோக்கில் இரண்டு சங்கிலி உணவகங்கள்'. நூற்றுக்கு எண்பத்தொன்று வாங்கியது. எங்கள் குடும்பத்தில் யாருடைய தாளும் அதற்குமுன் எண்பதைத் தொட்டதில்லை (கார் லைசென்ஸ் தேர்வு உட்பட). அந்த மதிப்பெண்ணை நம்பித்தான் பெனிதாலா மாமா உணவக ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். மீதிப் பத்தொன்பது எங்கே போனது என்று தேடப்போய் இது கதையாகிவிட்டது.

2

கைவிட்ட தொடக்கங்கள்:

சிட்னியின் மேற்கே, மவுன்ட் ட்ரூயிட்டில் மழை பெய்துகொண்டி—

பெய்யவில்லை.

இருபத்திரண்டு ஆண்டுகள் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய ஒரு சமோவாக்காரர், கிடங்கு வேலையை இயந்திரங்களிடம் ஒப்படைத்துவிட்டு—

அவர் ஒப்படைக்கவில்லை. பிடுங்கிக்கொண்டு, ஒரு தொகையும் ஒரு கேக்கும் கொடுத்து அனுப்பினார்கள். கேக்கை அன்றே தீர்த்தோம். தொகையோடு வீட்டையும் ஈடு வைத்து ஒரு உணவகக் கிளை எடுக்கலாம் என்று மாமா நினைத்தார். எந்த உணவகம் என்று என்னைக் கேட்டார். நான் வணிகம் படிக்கிறேன் அல்லவா.

3

நிறுவனங்களின் பெயரைப் போட்டால் வக்கீல் கடிதம் வரும். ஆகவே கிண்ணக் கடை, கோழிக் கடை.

இரண்டிலும் கவுன்டரில் சொல்லி, காசு கட்டி, தட்டை நாமே தூக்கிக்கொண்டு போய் உட்கார வேண்டும். விற்கும் ஒவ்வொரு நூறு டாலரிலும், பெயரைக் கொடுத்ததற்குப் பங்காக, கோழிக் கடை எட்டு கேட்டது, கிண்ணக் கடை ஆறு. இரண்டிலும் மாமாவை ஒரு நாள் நிற்கவைத்துப் பார்த்தார்கள்.

கிண்ணக் கடையில் சோற்றின்மேல் ஒரு கரண்டி கறி. மாமா மூன்று போட்டார். பயிற்சி கொடுத்த ஜொலீன் சுவரில் ஒட்டியிருந்த அளவுப் படத்தைக் காட்டினாள்.

"பாத்தேம்மா. அது யாருக்குன்னு போடலையே. இவரு ரக்பி ஆடறவரு."

கோழிக் கடையில் அந்தச் சிக்கல் வராது, கால் கோழி என்றால் கால் கோழிதான் என்று நம்பினேன். கால் கோழி கேட்ட தபால்காரருக்கு மாமா அரைக் கோழி கொடுத்தார். தட்டில் தனியாகக் கிடந்த அந்தக் கால் பார்க்கப் பாவமாக இருந்ததாம்.

(அறிக்கையில் இதை 'தாராள மனம்' என்று பலங்களின் கீழ் எழுதியிருந்தேன். பலவீனங்களுக்கு நகர்த்தலாமா என்று அரைமணி நேரம் யோசித்தேன். கை வரவில்லை.)

முடிவைத் தீர்மானித்தது அறிக்கையின் கணக்கு அட்டவணையில் இருந்த வேறொரு கட்டம்: வாரத்துக்கு உள்ளூரில் எத்தனை பேர் வருவார்கள்? மாமாவும் தெலேசியா அத்தையும் உறவுக்காரர்களையும் சர்ச் சபைக்காரர்களையும் விரல்விட்டு எண்ணி, இருநூற்று நாற்பது என்றார்கள். நிச்சயமா என்று கேட்டேன். கூப்பிட்டால் எப்படி வராமல் இருப்பார்கள் என்று மாமா திருப்பிக் கேட்டார். ஒரு கிண்ணம் பதினேழு டாலர். பெருக்கினேன். ஆறைக் கழித்தும் கட்டம் பச்சையாக மாறியது; கோழிக் கடைக்கு எட்டைக் கழித்தபோது மாறவில்லை. கிண்ணக் கடை வென்றது.

4

[இந்த இடத்தில் மாமாவுக்கு ஒரு சூதாட்டப் பழக்கம் வைத்துப் பார்த்தேன். பழி அழகாக அவர்மேல் விழுந்தது. அத்தை படித்துவிட்டு, "இந்த மனுசன் பிங்கோவுக்குக்கூட போனதில்லையேடா" என்றார். நீக்கிவிட்டேன். பழி திரும்ப என்னிடமே வந்து உட்கார்ந்துகொண்டது.]

5

கையெழுத்தான பத்தாம் நாள், ஞாயிறு. சபையில் அறிவிப்பு நேரத்தில் மாமா எழுந்து, திறப்பு நாளைச் சொல்லி, எல்லாரும் குடும்பத்தோடு வரவேண்டும் என்றார். போதகர் ஆமென் சொன்னார். மதியச் சாப்பாட்டில் நான் உற்சாகமாக, கூட்டம் தாங்காது, கார்டு மெஷின் இரண்டு வேண்டும் என்றேன்.

அத்தையின் அகப்பை தேங்காய்ப்பால் கீரையிலேயே நின்றது. "மெஷின் எதுக்கு?"

"பணம் கட்டத்தான்."

"யாரு?"

"வர்றவங்க."

மாமா சோற்றில் கல் கடித்தவர் மாதிரி என்னைப் பார்த்தார். "சபை நடுவுல நின்னு கூப்பிட்டிருக்கேன்டா. கூப்பிட்டு உக்காரவெச்சு பில்ல நீட்டுவாங்களா? உங்கம்மா உன்ன அப்படியா வளர்த்தா?"

முதல் வாரம் மட்டுமல்ல, வருடம் முழுக்க அவர்களை வைத்துத்தான் கணக்கே என்று சொன்னேன்.

"வரட்டுமே" என்றார் மாமா. "வேண்டாம்னா சொல்லப்போறேன்?"

நானும் சமோவாக்காரன்தான். எங்கள் வீட்டில் சாப்பிட வந்தவர் கையில் யாரும் பில் கொடுத்து இருபது வருடத்தில் நான் பார்த்ததில்லை. ஆனாலும் பெருக்கினேன். பேராசிரியரும் இதைக் கண்டுபிடிக்கவில்லை. பத்தொன்பதையும் தாளில் பக்க ஓர இடைவெளி சரியில்லை என்று அவர் குறைத்திருந்தார்.

6

கையெழுத்துப் போட்டவர் மனம் மாறுவதற்குச் சட்டம் பதினான்கு நாள் தருகிறது. இன்று பதினான்கு. மாலை ஐந்துக்குள் விலகல் கடிதம் போனால் பெரும்பகுதிப் பணமும் வீடும் தப்பும். கடை போகும். மாமா சபையில் எழுந்து நின்று, கூப்பிட்டதைத் திரும்பப் பெறவேண்டும். எங்களில் இதுவரை யாரும் அப்படிச் செய்ததாகக் கேள்விப்பட்டதில்லை.

கடிதம் பக்கத்துத் திரையில் தயாராக இருக்கிறது. அனுப்பு என்றார் அத்தை. மாமா வேறு மாதிரி சொன்னார்: "எண்பத்தொண்ணு வாங்கினவன் நீ. பாத்துச் செய்டா."

குத்தலாகச் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பேன். உண்மையாகச் சொன்னார். அதனால்தான் மதியத்திலிருந்து கடிதத்தை விட்டுவிட்டு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முடிவுகள் இருக்கின்றன.

அனுப்புகிறேன். மாமாவுக்கு அதே கிடங்கில் காவல் வேலை கிடைக்கிறது. தன் வேலையைப் பார்க்கும் இயந்திரங்கள் திருடுபோகாமல் பார்த்துக்கொள்கிறார்.

அனுப்பவில்லை. வரிசை தெருமுனைவரை நிற்கிறது. ஜொலீன் கைதட்டுகிறாள். பிறகு கல்லாவைத் திறக்கிறாள்.

மூன்றாவது: மாமா ஒரே வாரத்தில் மாறி, ஒரு கரண்டி மட்டும் போட்டு, சொந்த அண்ணனிடம் பதினேழு டாலர் கேட்டு வாங்குகி—

இதை மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் அந்த ஆள் யாரென்று எனக்குத் தெரியவில்லை.

மணி நாலு நாற்பத்தொன்று. எழுந்துகொள்கிறேன். நீங்கள் உட்காருங்கள். நாற்காலி சூடாக இருக்கும், மன்னிக்கவும். கடிதம் வலப்பக்கம் இருக்கிறது. கொஞ்சம் சீக்கிரம். மாமா கதவுக்கு வெளியே நிற்கிறார். எந்தப் பதில் வந்தாலும் சிரித்துக்கொண்டே சரி என்று சொல்வதற்கு முகத்தைத் தயாராக வைத்திருக்கிறார்.